விண்கலப் பாகங்கள் சேகரிப்பது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் என் வீட்டு மாடி அறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய விண்கல உதிரிபாகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அமெரிக்காவின் அப்போலோ நிலவுப் பயணக் காலத்து மின் கனெக்டர்கள், சுவிட்சுகள், சில சோவியத் மீட்டர்கள், தபால் உறைகள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனாலும் சரி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சரி, வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கே: ராக்கெட் சாமானைத் தனி ஆள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? போலீஸ் வராதா?

எந்த நாட்டுப் பொருள், அது எந்த வழியில் வெளியே வந்தது என்பதைப் பொறுத்தது. அப்போலோ திட்டத்தின் கடைசி மூன்று பயணங்கள் 1970இல் ரத்தாயின. அதன் பிறகு ஒப்பந்த நிறுவனங்களிலும் நாசா கிடங்குகளிலும் தேங்கிக் கிடந்த சாமான்கள் உபரிப் பொருளாக ஏலம் போயின. அப்படி முறையாக விற்கப்பட்டதை வாங்கி வைத்திருப்பதில் தப்பில்லை. சோவியத் பொருள்கள் 1991க்குப் பிறகு வெளிச்சந்தைக்கு வந்தன. 1993 டிசம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏல நிறுவனம் நடத்திய ரஷ்ய விண்வெளி ஏலம் இதில் பேர்போனது.

விண்வெளி வீரர்கள் நினைவுக்காக எடுத்து வைத்துக்கொண்ட பொருள்களில் நீண்ட நாள் இழுபறி இருந்தது. அப்போலோ 13இன் கமாண்டர் ஜிம் லவல் தன் கணக்குகள் எழுதிய செக்லிஸ்டை 2011இல் ஏலத்தில் விட்டார். 3,88,375 டாலருக்குப் போனது. ‘இது உங்களுடையதுதானா?’ என்று நாசா கேட்டது. கடைசியில் 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மெர்குரி, ஜெமினி, அப்போலோ கால வீரர்களிடம் இருக்கும் இப்படிப்பட்ட பொருள்கள் அவர்களுடையவையே என்று தீர்த்துவைத்தது.

தொடவே கூடாதவையும் உண்டு. 1986இல் வெடித்த சேலஞ்சர், 2003இல் சிதறிய கொலம்பியா ஆகிய விண்வெளி ஓடங்களின் சிதைவுகள் அமெரிக்க அரசுடைமை. கொலம்பியாவின் துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டவர்கள் மேல் வழக்கே பாய்ந்தது. அதில் இறந்தவர்களை நினைத்தாலே வாங்க மனம் வராது, அது வேறு விஷயம்.

கே: இதெல்லாம் காயலாங்கடைக்கு எப்படிப் போனது? அவர்களுக்கு மதிப்புத் தெரியாதா?

அன்றைக்கு அது பழைய இரும்பு. அவ்வளவுதான். வேலை முடிந்த சாமானை வைத்திருந்தால் வாடகை, காவல், கணக்கு என்று செலவு. எடை போட்டு விற்றார்கள். வாங்கிய வியாபாரிகளின் கண் முலாமில் இருந்த தங்கத்தின் மேல். அதனால்தான் இன்று கிடைக்கும் கனெக்டர்கள் பலவற்றில் பின்பக்க ஒயர்கள் கத்தரிக்கப்பட்டிருக்கும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த கதை ஜிம்மி லூக் என்பவருடையது. ஹூஸ்டன் பக்கம் 1970களில் நாசா உபரிச் சாமான்களை டன் கணக்கில் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே அப்போலோ வழிகாட்டிக் கணினி ஒன்று! நிலவில் இறங்கிய கலங்களை ஓட்டிய அதே வகைக் கணினி. சுமார் 32 கிலோ எடை. பல பத்தாண்டுகள் அவரிடமே இருந்தது. 2018, 2019இல் மார்க் வெர்டியெல், மைக் ஸ்டூவர்ட், கென் ஷிரிஃப், கார்ல் கிளாஞ்ச் ஆகியோர் கொண்ட குழு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, மறுபடியும் நிரலை ஓட்டிக் காட்டியது.

அந்தக் கணினியின் நிரந்தர நினைவகம் 36,864 சொற்கள். அதை ‘எழுதியது’ கையால். சின்னச் சின்னக் காந்த வளையங்களின் வழியே ஒயர் உள்ளே போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தமில் இருந்த ரேதியான் ஆலையில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து இதைக் கோத்தார்கள். ஓர் ஒயர் இடம் மாறினால் நிரலே மாறிவிடும். பிறகு திருத்த வேண்டுமென்றால் மறுபடி கோக்க வேண்டியதுதான்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும்: லூக்கின் கணினி விண்வெளிக்குப் போனதே இல்லை. நிலவுக் கலத்தின் தரைச் சோதனை மாதிரி ஒன்று, எல்டிஏ-8 என்று பெயர், அதில் பொருத்தப்பட்டு வெற்றிட அறையில் சோதிக்கப்பட்டது. இது அடுத்த கேள்விக்கு வசதியாக இருக்கிறது.

கே: ‘ஃப்ளோன்’, ‘அன்ஃப்ளோன்’ என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஃப்ளோன் என்றால் விண்வெளிக்குப் போய் வந்தது. அன்ஃப்ளோன் என்றால் போகாதது. போகாததிலும் பல தினுசு உண்டு: பறக்கத் தகுதி பெற்றும் இடம் கிடைக்காத உதிரி, தரைச் சோதனைக்கானது, வீரர்கள் பயிற்சிக்கு வைத்திருந்தது, ஆய்வில் தள்ளுபடியாகி ‘பறக்கத் தகுதியில்லை’ என்று முத்திரை வாங்கியது, வெறும் வடிவ மாதிரி. விலை இந்த வரிசையில்தான் இறங்கும்.

என் கட்சி வெளிப்படையானது: பறக்காததை வாங்குங்கள். சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கட்சி. ‘நிலவைத் தொட்ட பொருள்’ என்ற மயக்கம் லேசானது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பட்ஜெட்டில் பறந்தது என்று கிடைப்பது என்ன? நகத்தின் அளவுக்கு வெட்டிய பொன்னிறக் காப்டன் படலம், ஒரு துண்டுத் துணி, அக்ரிலிக் கட்டிக்குள் புதைத்தது. அதே காசுக்குப் பறக்காத சாமானில் ஒரு முழு வால்வு, ஒரு முழு சுவிட்சு, கையில் எடுத்துத் திருகிப் பார்க்கிற மாதிரி வரும். எப்படிச் செய்தார்கள், எப்படிப் பூட்டினார்கள் என்பது அதில் தெரியும். படலத் துண்டில் என்ன தெரியும்? போதாததற்குப் பொய்யும் பித்தலாட்டமும் குவிவது ‘பறந்தது’ என்ற ஒற்றை வார்த்தையைச் சுற்றித்தான். பறக்காத கனெக்டரைப் போலியாகச் செய்ய எவனும் மெனக்கெட மாட்டான்.

கே: அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண். அப்போலோ தாய்க்கலத்துக்காக நார்த் அமெரிக்கன் நிறுவனம் செய்த பாகங்களில் வி36 என்று தொடங்கும் பாக எண்கள் இருக்கும். நிலவுக் கலம் க்ரம்மன் நிறுவனத்தின் வேலை. எல்டிடபிள்யூ, எல்எஸ்சி என்று தொடங்கும். அப்புறம் வரிசை எண், தயாரித்த தேதி, ஆய்வாளர் முத்திரை. வட்டத்துக்குள்ளோ கட்டத்துக்குள்ளோ சின்னதாக ஓர் எண், மையால் குத்தியது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் பார்த்துக் குத்தியிருப்பார். முத்திரை மேல் முத்திரையாக இருந்தால் நல்ல சகுனம்.

அடுத்து வேலைப்பாடு. என்னிடம் உள்ள ஒரு கனெக்டரைச் சொல்கிறேன். ஓடு அலுமினியம், மேலே மஞ்சளும் பச்சையும் மினுக்கும் குரோமேட் பூச்சு. உள்ளே தங்க முலாம் பூசிய ஊசிகள். பின்னால் விரல் நீளத்துக்கு வெள்ளை டெஃப்லான் ஒயர்கள், கத்தரித்தது போக மிச்சம். அந்த ஒயர்க்கட்டைப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கவில்லை. மெழுகிட்ட தட்டை நூலால், மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல் சம இடைவெளி விட்டு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. திருகுகளின் தலையில் துளை போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை முறுக்கி, ஒன்றைக் கழற்ற முயன்றால் மற்றது இறுகும்படி பூட்டியிருக்கிறார்கள். ராணிப்பேட்டை பெல் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இதைக் கையில் வாங்கியதும் எண்ணைப் பார்க்கவே இல்லை. முறுக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘கை தெரிஞ்சவன் வேலை’ என்றார்.

கடைசியாகக் காகிதம். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சங்கிலி. ஏல ரசீது, பழைய உரிமையாளரின் கடிதம், கிடங்குச் சீட்டு. விற்பவரே கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் ‘உண்மைச் சான்றிதழ்’ அச்சுக்கூலிக்குக்கூடப் பெறாது. சாமானோடு வந்த அழுக்கான சீட்டு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். சில சமயம் சாமானைவிட அதற்குத்தான் மதிப்பு.

கே: எவ்வளவு பணம் வேண்டும்?

மேலே போனால் எல்லையே இல்லை. 1961 மார்ச்சில் ஒரு நாயையும் ஒரு பொம்மை மனிதனையும் ஏற்றிக்கொண்டு போய்வந்த வஸ்தோக் கலத்தை 2011 ஏப்ரல் 12 அன்று, ககாரின் பறந்த 50ஆம் ஆண்டு நாளில், சோத்பீஸ் விற்றது. விலை 28 லட்சம் டாலருக்கும் மேல்.

கீழே வந்தால் கிட்டத்தட்ட சும்மா. ஆரியபட்டா செயற்கைக்கோள் படம் போட்ட பழைய 2 ரூபாய் நோட்டு நினைவிருக்கிறதா? உங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கலாம். 1975இல் ஆரியபட்டாவுக்கும், 1984இல் ராகேஷ் சர்மா பறந்ததற்கும் இந்தியத் தபால் துறை தலை வெளியிட்டது. எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஆப்பிள் செயற்கைக்கோள் ஆகியவற்றுக்கும் உண்டு. பழைய தபால்தலை வியாபாரிகளிடம் டீச் செலவில் கிடைக்கும். ‘இது சாமான் இல்லையே’ என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பையன் வந்து கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

நடுவில், சில ஆயிரம் ரூபாய்க்குப் பறக்காத கனெக்டர்கள், சுவிட்சுகள், பழைய பயிற்சிக் கையேடுகள் கிடைக்கும். அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டுவது சகஜம்.

கே: இஸ்ரோ சாமான் கிடைக்குமா? ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில்தானே இருக்கிறது.

பக்கத்தில் இருந்து என்ன? கிடைக்காது, தேடவும் வேண்டாம். கழிவு ஏலம் அரசு வழியில்தான் நடக்கும். தனி ஆள் ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கு’ என்று ஒரு துண்டைக் காட்டினால் அது திருட்டுப் பொருள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவருக்கும் வழக்கு உண்டு.

2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்க பூஸ்டர் ஒன்று சிக்கியது. கடலில் மிதந்து வந்ததுதானே, நமக்குத்தான் என்று நினைக்க முடியாது. இஸ்ரோ ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

கே: சரி, வானத்திலிருந்து என் நிலத்தில் விழுந்தால்?

விழுந்தாலும் உங்களுடையது ஆகாது. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு இதைச் சொல்கிறது: ஏவியவரின் உரிமை, பொருள் விண்வெளியில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பினாலும் மாறாது. 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டக் கிராமங்களில் பெரிய உலோக வளையமும் உருண்டைகளும் விழுந்தன. சீன ராக்கெட்டின் எச்சம் என்று வல்லுநர்கள் கருதினார்கள். 2023இல் ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை நம் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம். ஆக, நம்முடையதும் அங்கே போகிறது.

ஸ்கைலாப் கதை தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். 1979 ஜூலையில் அந்த அமெரிக்க ஆய்வகம் யார் தலையில் விழுமோ என்று இந்தியா முழுக்க ஒரே பேச்சு. ஜூலை 11 அன்று அது மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் வட்டாரத்தில் விழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர் பத்திரிகை, முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. ஸ்டான் தார்ன்டன் என்ற 17 வயதுப் பையன் வீட்டுக்கூரைப் பக்கம் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறிப் பரிசை வாங்கிவிட்டான். எஸ்பெரன்ஸ் நகராட்சி நாசாவுக்குக் குப்பை போட்டதற்காக 400 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தது. வேடிக்கைக்குத்தான்.

நடைமுறையில்: தொடாதீர்கள். எரிபொருள் மிச்சம் இருந்தால் ஹைட்ரஜீன் போன்றவை கொடும் விஷம். கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கே: 2016இல் நாட்றம்பள்ளி பக்கம் விழுந்தது விண்கல்தானே? அந்தத் துண்டு கிடைக்குமா?

2016 பிப்ரவரி 6 அன்று அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடித்ததில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அப்போது அது வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர். விண்கல் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்து நிவாரணமும் கொடுத்தார். நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, தரையில் நடந்த வெடிப்பு என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஒரு குடும்பம் ஆளை இழந்த இடம் அது. ‘வேலூர் விண்கல்’ என்று யாராவது கல்லை விற்க வந்தால் துரத்திவிடுங்கள்.

கே: எங்களிடம் இரிடியம் கலசம் இருக்கிறது. நாசா கோடிக்கணக்கில் வாங்கும் என்கிறார்களே, உங்களுக்கு அங்கே ஆள் தெரியுமா?

தெரியாது. தெரிந்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் நாசா வாங்காது. இஸ்ரோவும் வாங்காது. இந்தக் கேள்வி இவ்வளவு அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘ரைஸ் புல்லிங்’ என்று நம் பக்கம் சொல்வார்கள். இடி விழுந்த கோயில் கலசம் அல்லது பழைய செம்புப் பாத்திரம் இரிடியமாக மாறிவிட்டது, அரிசியை இழுக்கிறது, செயற்கைக்கோளுக்குத் தேவை என்பதால் நாசா வாங்கும் என்பது கதை. ஒன்று: இடி விழுந்தால் செம்பு உருகும், இரிடியம் ஆகாது. தனிமம் அப்படியெல்லாம் மாறாது. இரண்டு: இரிடியம் காந்தமே அல்ல, அரிசியும் காந்தத்தில் ஒட்டாது. இழுப்பதைக் கண்ணால் பார்த்தேன் என்றால், அந்த அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருக்கிறார்கள். மூன்று: விண்கலங்களில் இரிடியம் உண்மையிலேயே பயன்படுகிறது, சின்ன உந்துபொறிகளில் வினையூக்கியாகவும், அணுமின்கல எரிபொருளின் உறையாகவும். ஆனால் அதைச் சந்தையில் கிலோ கணக்கில் சுத்தமாக வாங்க முடியும். வாணியம்பாடிக் கலசத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் எந்த விண்வெளி நிறுவனத்துக்கும் இல்லை.

ஏமாற்றுகிறவர்கள் கலசத்தை விற்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘சோதனைக் கட்டணம்’, ‘கதிர்வீச்சு உடை வாடகை’, ‘விஞ்ஞானி வரும் செலவு’ என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறப்பார்கள். 2018இல் டெல்லிப் போலீஸ் ஒரு தகப்பனையும் மகனையும் இதற்காகக் கைது செய்தது. தொழிலதிபர் ஒருவரே ஒரு கோடிக்கும் மேல் இழந்திருந்தார். முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கே: நிலவு மண் வாங்கலாமா?

அப்போலோ கொண்டுவந்த கல்லும் மண்ணும் அமெரிக்க அரசுடைமை. ஹோண்டுராஸ் நாட்டுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட 1.142 கிராம் கல்லை 1998இல் ஒருவர் 50 லட்சம் டாலருக்கு விற்க முயன்று, வாங்குபவர்போல் நடித்த அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டார்.

விதிவிலக்காக நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். சோவியத்தின் லூனா 16 கொண்டுவந்த மூன்று சிறு துணுக்குகள், மறைந்த விண்வெளித் திட்டத் தலைவர் கோரல்யோவின் மனைவிக்குப் பரிசாகப் போய், 1993இல் ஏலத்துக்கு வந்தன. 2018இல் மறுபடி 8,55,000 டாலருக்குக் கைமாறின. இன்னொன்று, அப்போலோ 11இல் முதல் மண்ணை அள்ளிப் போட்ட பை. அமெரிக்க அரசு ஏலத்தில் 2015இல் ஒரு பெண் வழக்கறிஞர் 995 டாலருக்கு எடுத்தார். சோதித்துத் தரச் சொல்லி நாசாவுக்கு அனுப்பினால், ‘இது தவறுதலாக விற்கப்பட்டது, திருப்பித் தரமாட்டோம்’ என்றார்கள். வழக்குப் போட்டு ஜெயித்தார். 2017 ஜூலையில் சோத்பீஸில் 18 லட்சம் டாலருக்கு விற்றார். காகிதம் சரியாக இருந்ததால் கோர்ட் அவர் பக்கம் நின்றது.

நிலவின் துண்டு வேண்டுமென்றே ஆசை இருந்தால், நிலவிலிருந்து பிய்ந்து பூமியில் விழுந்த விண்கற்கள் மில்லிகிராம் கணக்கில் நல்ல வியாபாரிகளிடம் விற்பனைக்கு உண்டு. இந்திய மண்ணில் விழுந்த விண்கல் என்றால் அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போக வேண்டியது.

கே: நிலவிலேயே கிடப்பதை வாங்க முடியுமா?

சிரிக்காதீர்கள், வாங்கியிருக்கிறார்கள். கணினி விளையாட்டுகள் செய்யும் ரிச்சர்ட் கேரியட், மேலே சொன்ன 1993 ஏலத்தில், நிலவில் நிற்கும் லூனோகோட் 2 ஊர்தியையும் அதை இறக்கிய லூனா 21 கலத்தையும் 68,500 டாலருக்கு எடுத்தார்.

கே: திப்பு சுல்தான் ராக்கெட் நம்ம பக்கம் கிடைக்குமா?

நியாயமான ஆசை. 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை விட்டது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை வைத்திருந்ததும் நம் வேலூர்க் கோட்டையில்தான். 2018இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் நகரா ஊரில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. ஆற்காட்டுக் கிணறு ஒன்றிலும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் இங்கே சட்டம் வேறு. 100 ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். நாட்டை விட்டு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாமல் விற்க முடியாது. மண்ணுக்கடியில் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அப்போலோ சாமானுக்கு இந்தத் தொல்லை இன்னும் சில பத்தாண்டுகளுக்கு இல்லை.

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எப்படி?

பொறுமையோடு. அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் விண்கலப் பாகங்களையும் பிடிக்கும். அதனால் விற்பவர் சிலர் ‘இந்தியாவுக்கு அனுப்ப மாட்டேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வற்புறுத்தாதீர்கள். அங்கே இருக்கும் மச்சான் பெயரில் வாங்கிச் சூட்கேஸில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது இன்னும் மோசம், மாட்டினால் மாட்டுவது அவர். காகிதங்கள், துணிப் பொருள், சாதாரண சுவிட்சு போன்றவற்றில் சிக்கல் குறைவு.

பார்சல் மேல் வெறுமனே ‘ராக்கெட் பாகம்’ என்று எழுதினால் சென்னையில் தூங்கும். பொருள் என்ன, எந்த ஆண்டு, வெடிபொருளோ எரிபொருளோ இல்லை, சேகரிப்புக்கானது என்று விவரமாக, படத்தோடு, உண்மையான விலை போட்டு எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். ஏல நிறுவனத்தின் விலை இணையத்தில் எல்லோருக்கும் தெரிகிறது, சுங்க அதிகாரிக்கும்தான்.

கே: வீட்டில் வைப்பதில் ஆபத்து உண்டா?

சிலவற்றில் உண்டு. எரிபொருள் ஏறிய வால்வும் டாங்கியும் வேண்டவே வேண்டாம். வெடித்துப் பிரிக்கும் போல்ட்டுகள் வெடிமருந்துச் சட்டத்தில் வரும். அந்தக் கால ராக்கெட்டுகள் சிலவற்றில் மக்னீசியம்-தோரியம் உலோகக் கலவை உண்டு. தோரியத்துக்கு இங்கே அணுசக்திச் சட்டம். பெரிலியம் பாகத்தை அரம் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலைத் தின்னும். பளபளப்பாக்குகிறேன் என்று எதையுமே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரையும் போய்விடும், மதிப்பும் போய்விடும்.

இருட்டில் ஒளிர்ந்த சுவிட்சு முனைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, அப்போலோ நிலவுக் கலத்தில் பயன்படுத்தியது புரொமீத்தியம்-147. அதன் அரை ஆயுள் இரண்டரை ஆண்டு சொச்சம்தான். இத்தனை காலத்தில் அணைந்தே போயிற்று. பழைய விமான மீட்டர்களில் உள்ள ரேடியம் அப்படியல்ல, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கே: வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

உலோகம் தாங்கும். மற்றவை தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். ரப்பர் வெடிக்கும், பசை இளகி ஒழுகும், நுரைப் பஞ்சு பொடியாகும். ஆம்ஸ்ட்ராங்கின் உடையையே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் குளிரான, ஈரப்பதம் குறைந்த பெட்டியில்தான் வைத்திருக்கிறது. நம்மால் ஏசி ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே ரப்பர், துணிப் பொருள்களை வாங்காமல் இருப்பதே பராமரிப்பு.

அலமாரி மேற்குச் சுவரில் வேண்டாம். கீழ்த்தட்டில் வேண்டாம், கரையான். காகிதங்களை அமிலமற்ற உறையில் போட்டு, லேமினேட் செய்யாமல் வையுங்கள். லேமினேஷன் போட்டால் பழைய தாள் செத்தது. அக்ரிலிக் கட்டியை ஸ்பிரிட்டாலோ கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைத்தால் உள்ளே நரம்பு நரம்பாக விரிசல் ஓடும். ஈரத்துணி போதும்.

கே: விண்வெளி வீரர் கையெழுத்துப் போட்ட படம் நல்ல வாங்கலா?

ஆட்டோபென் என்ற எந்திரம் போட்ட கையெழுத்து ஏராளம். இரண்டு படங்களில் கையெழுத்து அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் அது எந்திரம். ஆம்ஸ்ட்ராங் 1994இல் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார், அதனால் அவர் பெயரில் போலிகள் மிக அதிகம். நான் இந்தப் பக்கமே போவதில்லை.

கே: முதலீடாக வாங்கலாமா? தங்கம் மாதிரி ஏறுமா?

தங்கமே வாங்குங்கள். லாங் பஜாரில் அவசரத்துக்கு விற்க முடியும்.

கே: வாங்காமல் பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

ராகேஷ் சர்மா பூமிக்குத் திரும்பி வந்த சோயுஸ் டி-10 கலம் டெல்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. கருகிய வெளிப்பக்கத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம்; இந்தியாவில் நான் பார்க்கச் சொல்வது முதலில் அதைத்தான். தும்பாவில் பழைய மேரி மக்தலேனா தேவாலயத்துக்குள் இஸ்ரோவின் அருங்காட்சியகம் உண்டு; 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் போன இடம். ஸ்ரீஹரிகோட்டாவிலும் அருங்காட்சியகமும், ஏவுவதைப் பார்க்கும் மாடமும் இருக்கின்றன, முன்பதிவு வேண்டும்.

பக்கத்திலேயே என்றால் சத்துவாச்சாரி மாவட்ட அறிவியல் மையம். அப்புறம், வாணியம்பாடி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். சாமான் சேகரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே 1986இலிருந்து இருக்கிறது. யுரேனஸின் வளையங்களை 1977இல் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

கே: வீட்டில் திட்டுகிறார்கள். என்ன செய்வது?

ரசீதைப் பொருளோடு வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். இன்னொன்று, இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை: ஒவ்வொரு பொருளும் என்ன, எங்கே வாங்கியது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தமிழில் ஒரு நோட்டில் எழுதி வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தவர்களின் சேகரிப்பு மறுபடி எடைக்குத்தான் போகிறது.

கே: ஒன்றே ஒன்று வாங்குவதானால் எது?

அப்போலோ காலத்துப் பறக்காத கனெக்டர். பாக எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஒயர்க்கட்டு கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும், நூல் முடிச்சு அவிழாமல் இருக்க வேண்டும். தங்க ஊசிகள் வளைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கும் முன் யோசனை வேண்டுமென்றால் நான்கு பக்கமும் எடுத்த படத்தோடு, எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கலசம் படம் மட்டும் அனுப்பாதீர்கள்.